பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் அனுமதியில் உள்ளூர்த் தொழிலாளர்களின் வேலையையும் இறக்கைக் கழிவு அகற்றத்தையும் நிபந்தனையாகச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காற்றாலைப் பராமரிப்புத் தொழிலாளர்கள்,
ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: காற்றாலைகள் புதுப்பிப்பு – பணிப் பாதுகாப்பு, மறுபயிற்சி, இறக்கைக் கழிவு அகற்றம் – ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அதையொட்டிய முப்பந்தல், காவல்கிணறு, பணகுடிப் பகுதிகளிலும் காற்றாலைப் பராமரிப்பே எங்கள் பிழைப்பு. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய இத்தொழில் இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டியிருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரையிலான காற்று சீசனில் இயந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இருபது ஆண்டுகளைக் கடந்த காற்றாலைகளை மாற்றவும் சீரமைக்கவும் அரசு 2024இல் வெளியிட்ட கொள்கையை நாங்கள் எதிர்க்கவில்லை. 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களே கணவாயின் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே உயரமான புதிய காற்றாலைகள் வந்தால் அதே நிலத்தில் மின்சாரம் பெருகும், அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சமாகும். ஆனால் 250 கிலோவாட் இயந்திரங்கள் பத்தின் திறனை 2.5 மெகாவாட் இயந்திரம் ஒன்றே தந்துவிடுகிறது. இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டத்தைப்போல், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஐந்து மடங்கும் காற்று வீசும் திசையில் ஏழு மடங்கும் இயந்திரங்களுக்கிடையே இடைவெளி விட வேண்டும் என்பதால், இறக்கை நீள நீள இயந்திரங்களின் எண்ணிக்கை குறையும்; கண்காணிப்பும் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். பத்து இயந்திரங்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த ஒன்றில் எத்தனை வேலை மிஞ்சும் என்பதே எங்கள் கவலை.

எங்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீசியன் படித்தவர்கள். ஆடிக் காற்றில் டவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் பெல்ட்டைக் கட்டி ஏணியில் ஏறி, கியர்பாக்ஸின் இரைச்சலை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். புதிய இயந்திரங்களின் மின்னணுக் கட்டுப்பாட்டை அவர்கள் கற்கவில்லை என்பதொன்றே குறை. அதைக் கற்றுக்கொடுக்காமல், நாற்பத்தைந்து வயதில் ஒருவரை வாட்ச்மேன் வேலைக்கு அனுப்புவது அரசுக்கும் இழப்புதான்.

மற்றொன்று கழிவு. கழற்றிய டவர் இரும்புக்கு உடனே ஆள் வருகிறார். கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்த்து வார்த்த இறக்கைக்கு யாரும் வருவதில்லை. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் கிடக்கும் இறக்கையின் நிழலில் இப்போது ஆடுகள் படுக்கின்றன. அதை அறுத்தபோது பறந்த தூள் பட்டவர்களுக்கு இரண்டு நாள் கை அரித்தது. அறுத்த துண்டுகளை வெட்டவெளியில் எரித்தால் என்னவாகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இத்தகைய கழிவைச் சிமெண்ட் சூளையில் எரிபொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் முறை உள்ளது. திருநெல்வேலி மாவட்டத்தில் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை இருப்பதால், அங்கு அதற்கான சாத்தியத்தை ஆராயலாம்.

எனவே, புதுப்பிப்புக்கு அனுமதி கோரும் ஒவ்வொரு உரிமையாளரும், அந்த இடத்தில் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்வோர் உட்பட அனைவரின் பட்டியலையும் பணிக்காலத்தோடு விண்ணப்பத்தில் இணைக்க வேண்டும் என்றும், புதிய இயந்திரத்தின் பராமரிப்பு வேலையில் அவர்களுக்கே முன்னுரிமை என்றும் நிபந்தனை விதிக்குமாறு வேண்டுகிறோம். பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் உதவியோடு, நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில், சீசன் இல்லாத மாதங்களில், உதவித்தொகையுடன் மறுபயிற்சி நடத்த வேண்டும். சீசனில் வைத்தால் வேலையை விட்டு யாராலும் வர முடியாது. இறக்கைகளை எங்கே, யார், எப்படி அகற்றுவார்கள் என்ற திட்டமும் அதற்கான வைப்புத்தொகையும் இல்லாமல் பழைய டவரை இறக்க அனுமதிக்கக் கூடாது. கியர்பாக்ஸிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி ஒப்படைக்கப்பட்டதற்கான சான்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

இதன் பொருட்டு எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காற்றாலைப் பராமரிப்புத் தொழிலாளர்கள்

இடம்: ஆரல்வாய்மொழி
இணைப்பு: கையொப்பப் பட்டியல்
நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர்கள், கன்னியாகுமரி மற்றும் திருநெல்வேலி