மண்சரிவை எந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வாரமலரில் மனநலம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையில் எழுந்ததும் செய்தி பார்க்காதீர்கள், விபத்து, கொலை, மண்சரிவு என்று கெட்டதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், நல்லதையே படித்தால் நல்லதே தோன்றும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மண்சரிவு என்ற அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை; கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள் நான். கொலையையும் மண்சரிவையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்கிறவர், அடைமழை நாளில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் இரவாவது படுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கைக்கு வந்த நாட்களில் என் மருமகள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. மேடு பெயர்ந்து வீட்டின்மேல் இறங்கும் ஒரே வீடியோவை விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தகரக் கூரையில் ஒரு கொய்யாக்காய் விழுந்த சத்தத்துக்குக் குழந்தையை அள்ளிக்கொண்டு மழையில் ஓடினாள். அன்றைக்கு அந்தத் தொலைபேசியை வாங்கி என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வானொலிச் செய்தி காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அவ்வளவுதான் என்று வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். பத்து நாளில் மருமகள் தூங்கத் தொடங்கினாள். ஆனால் ஐயா, நான் பூட்டி வைத்தது வீடியோவை. வானொலியை அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் லயத்துக்கு வானொலி வந்ததே இழவுச் செய்தி கேட்கத்தான். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. ஒரு தோட்டத்துப் பெண் பத்து மலை தாண்டி இன்னொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். தந்தி கைக்கு வருவதற்குள் அங்கே எடுத்துவிடுவார்கள். அதனால் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒருவரும் பேச மாட்டார்கள், கைப்பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போய்விடுவார்கள். என் அம்மா தன் அண்ணன் போய்விட்ட செய்தியை அப்படித்தான் கேட்டாள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், விரலிடுக்கில் மாவு காய்ந்தபடியே பஸ் பிடிக்க இறங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டாள். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி ஆறியிருக்கிறாள். கெட்ட செய்தியைக் கேட்காமல் அன்று ரொட்டி சுட்டு முடித்திருந்தால் அவள் மனம் மலர்ந்திருக்குமா?

கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது லயமும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. இதை எங்களில் பலர் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அந்த மக்களும் ஒன்பது வருடம் மனதைக் கெடுக்காமல் நிம்மதியாகத்தான் தூங்கினார்கள் ஐயா. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. கொஸ்லந்தை எங்களுக்குத் தொலைவு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது தங்கள் பத்திரிகைக்குப் பெருமை. பல வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில், மண்சரிவுக்கு முன் தெரியும் அறிகுறிகள் என்று ஒரு சின்னத் துண்டு தங்கள் உட்பக்கத்தில் வந்தது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று. அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினேன். நான்காம் நாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "டீச்சர், எங்கள் பீலியில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் வருகிறது" என்றாள். போய்ப் பார்த்தேன். குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. தோட்டத்து அதிகாரி நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாங்கள் நாளை வரைக்கும் இருக்கவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டு, பாயும் பானையுமாக எல்லோரும் பாடசாலைக்கு வந்தார்கள். இரண்டாம் இரவு மேடு இறங்கி மூன்று குசினிகளை மூடியது. ஒரு கோழிக்கூடு போனது. ஆள் ஒருவரும் போகவில்லை. அந்தத் துண்டும் கெட்ட செய்திதான். அதைப் படித்ததால் அந்தப் பிள்ளை இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய்.

அப்படிப்பட்ட துண்டுகளை இப்போது தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக வருவது, "மலையகத்தில் மண்சரிவு, பலர் மாயம்" என்ற தலைப்பு. மலையகம் என்ன ஒரு வீடா? கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, எத்தனை ஆயிரம் லயங்கள்! கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும், குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டில் பாத்திரம் கழுவும் எங்கள் பெண்களும் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, இணைப்புக் கிடைக்காத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். என் மகள் அப்படி ஓர் இரவு முழுக்க அழுதாள். நாங்கள் இங்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

படங்களும் அப்படித்தான். போன வருடம் தங்கள் பத்திரிகையில் ஒரு மண்சரிவுச் செய்தியோடு மீரியபெத்தைப் படம் ஒன்று வந்தது. பழைய படம் என்று ஒரு சொல் இல்லை. டவுனில் வடை சுற்றிக் கொடுத்த தாளில் அதைக் கண்டு ஒரு பெண் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தன் சொந்தங்களை அந்தச் சேற்றில் விட்டவள். எண்ணெய் ஊறிய அந்தத் தாளை நீவி நீவி மடியில் வைத்துக்கொண்டாள். வடை கீழே கிடந்தது. அவளுக்கு எந்த வாரமலர்க் கட்டுரை ஆறுதல் சொல்லும்?

நல்ல செய்தி மட்டும் எங்களுக்கு என்ன தந்தது என்றும் கேட்டுவிடுகிறேன். 2024 மே தினத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தபோது முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அதை நம்பி எங்கள் லயத்தில் கடன் கொப்பியில் அரிசியும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் எழுதி வாங்கினார்கள். தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350 என்று வந்தபோது அந்தப் பழைய எழுத்தின் பருமன் எங்கே போனது? கடன் கொப்பி மட்டும் அப்படியே இருந்தது. அந்த மே மாதத்தில் எங்களுக்கு அவநம்பிக்கை கொஞ்சம் இருந்திருந்தால் பலர் வீட்டில் காதுத்தோடு அடகுக்குப் போயிருக்காது.

எழுதத் தொடங்கினால் எங்கெங்கோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது சிறிய விடயம். மழைக் காலத்தில் ஒவ்வொரு நாளும், ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், கையளவு ஒரு பெட்டி போடுங்கள். எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், எதற்குச் செம்மஞ்சள், எதற்குச் சிவப்பு என்று இருந்தால் போதும். பதுளை மாவட்டம் என்று மொத்தமாக வேண்டாம். ஹல்துமுல்லையா, ஹப்புத்தளையா, பசறையா, லுணுகலையா என்று பெயர் வேண்டும். சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள், எழுதியதைத்தானே எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். பழைய படம் போட்டால் அதன் கீழே வருடத்தைப் போடுங்கள்.

பத்திரிகை எங்கள் சந்திக் கடைக்குக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறது. பெட்டி எந்தப் பக்கம் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்துக் கயிற்றில் தொங்கவிடக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். கொழுந்து நிறுக்க இறங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹப்புத்தளை.