மூன்றாம் நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள், டாக்டர்

நாள்பட்ட களைப்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சி எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும்,

வணக்கம். இது என்ன நோய் என்று உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. என் தங்கையின் மருத்துவக் கோப்பில் இருக்கும் இரண்டு வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் வரி, "பதினைந்து நிமிடம் சைக்கிள், நன்றாகச் செய்தார்." அடுத்த வாரத்து வரி, "வரவில்லை, ஆர்வமில்லை."

இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் நடந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை பேசிக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் கொஞ்சம் தளர்ச்சி. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கக் கையைத் தூக்க முடியவில்லை. திரைச்சீலையை விலக்கினால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் பேச ஆரம்பித்தால், போதும் நிறுத்து என்று விரலை மட்டும் அசைத்தாள், ஏனென்றால் என் குரலைத் தாங்குவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. ஒன்பது நாள் இப்படியே கிடந்தாள். அந்த ஒன்பது நாளைத்தான் கோப்பில் "ஆர்வமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

உழைப்புக்குப் பிறகு வரும் இந்தச் சரிவு உடனே வருவதில்லை, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வருகிறது என்பது உங்கள் துறையே எழுதி வைத்திருப்பது. அப்படியிருக்க, சைக்கிளை விட்டு இறங்கிய நிமிடத்தில் நாடியைப் பார்த்துவிட்டு "நன்றாகச் செய்தார்" என்று எழுதினால் அது எதைச் சொல்கிறது? அடுத்தடுத்து இரண்டு நாள் செய்யும் சைக்கிள் சோதனை இதனால்தான் வந்தது. வெறுமனே பழக்கம் விட்டுப்போய் உடம்பு தளர்ந்தவர்கூட இரண்டாம் நாளும் ஏறக்குறைய முதல் நாள் அளவுக்கே மிதிப்பார். இந்த நோயாளிகளில் பலருக்கோ மூச்சு திணறும் கட்டம் இரண்டாம் நாள் இன்னும் குறைந்த உழைப்பிலேயே வந்துவிடுகிறது. கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் தொந்தரவு தொடரும் நீண்டகாலக் கோவிட்டிலும் இதே சரிவு வருகிறது. அவர்களின் தசைத் துணுக்கை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2024இல் வெளிவந்தது, பயிற்சிக்குப் பிறகு தசைச் சேதம் கூடியிருந்ததை அதில் காட்டியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் மனத்திடம் போதவில்லை என்று பெயர் வைக்க முடியுமா?

சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2007இல் இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது, 2021 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அத்தனை வருடம் அந்தப் பரிந்துரையை நம்பி மிதித்து மிதித்துப் படுக்கையில் விழுந்தவர்களிடம் யாராவது போய் மன்னிப்புக் கேட்டார்களா? ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு நோயாளி சொல்லும் எதுவும் காதில் விழுவதில்லை, அதுவும் இளம்பெண்ணாக இருந்துவிட்டால் மனசுதான் காரணம் என்று முடிவே கட்டிவிடுகிறீர்கள். வருடக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உடற்பயிற்சி எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது, அதை நான் மறுக்கவில்லை. தயவுசெய்து, இந்த நோயாளிக்கு எதையும் எழுதிக்கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொஞ்சம் அதிகமாக உழைத்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று நாள் எப்படி இருக்கிறீர்கள்?" படுத்துவிடுகிறேன் என்று பதில் வந்தால் வாரம் இவ்வளவு கூட்ட வேண்டும் என்ற அட்டவணையை எடுத்து வைத்துவிடுங்கள். எந்த அளவைத் தாண்டினால் விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அதற்குள்ளேயே நிற்கக் கற்றுக்கொடுங்கள். பயிற்சி முடிந்த அன்று கேட்டால் போதாது. மூன்றாம் நாள் ஒரு போன் செய்து கேளுங்கள்.

அப்புறம், என் தங்கையின் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஒரு வேண்டுகோள். "ஆர்வமில்லை" என்பதை அடித்துவிடுங்கள். அன்று அவள் உங்களிடம் வருவதற்கு எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா