கவுண்டித் தேர்தல்: யார் கையில் எது?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கமரி கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகத் தலைவர் பதவிக்கு நிற்பவர்களை எடைபோட, வாக்குறுதியில் எது அவர் கையில் உள்ளது என்று முதலில் பாருங்கள்.

எந்த மனையில் எதைக் கட்டலாம் என்ற விதியை மாற்றுவது கவுண்டி கவுன்சில். பள்ளிகளை நடத்துவது தனியே தேர்வாகும் கல்வி வாரியம். பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அதற்கே போகிறது. "அடுக்குமாடிகளைத் தடுப்பேன்", "பாடத்திட்டத்தை மாற்றுவேன்" என்பவர் அடுத்த வீட்டுச் சாவியை நீட்டுகிறார்.

அவர் கையில் இருப்பவை: துறைத் தலைவர் நியமனம், வீட்டோ (கவுன்சில் நிறைவேற்றிய சட்டத்தை மறுக்கும் அதிகாரம்), மார்ச் 15க்குள் தரும் பட்ஜெட் வரைவு. சொத்து வரியைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள். முந்தைய ஆண்டின் வீதத்தைத் தாண்ட, கவுண்டியின் சாசனப்படி கவுன்சிலின் 11 பேரும் ஒப்ப வேண்டும் (பள்ளிக்கென மாநிலச் சட்டம் தரும் விலக்கு தனி). வரியை ஏற்றுவது அவ்வளவு கடினம் என்பதால், புதுத் திட்டம் சொல்பவரிடம், எந்தத் துறையில் குறைப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பல்தான்.

பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில். இங்கே முடிவு பெரும்பாலும் டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் உட்கட்சித் தேர்தலிலேயே ஆகிவிடுகிறது; 2018இல் அதில் வெற்றி வித்தியாசம் 77 வாக்கு, 2022இல் 32. வாக்காளர் பதிவில் கட்சி சாராதவராகப் பதிந்தவருக்கு அதில் வாக்கில்லை. பதிவில் கட்சியை மாற்றும் கெடு அந்தத் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பே முடிகிறது. வாக்குச்சாவடியில் போய் மாற்ற முடியாது.

வாசகர், ராக்வில்