மார்வெல் ஆசிரியர் குழுவுக்கு: கமலா கானின் முதல் இதழை எடுத்துப் படியுங்கள்

மார்வெல் காமிக்ஸ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். புதிய நாயகி ஒருத்தியின் முதல் இதழ் எப்படி இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், 2014 பிப்ரவரியில் நீங்கள் வெளியிட்ட, கமலா கானை நாயகியாக்கிய 'மிஸ் மார்வெல்' காமிக்ஸ் தொடரின் முதல் இதழைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

கமலா கானுக்குச் சக்தி கிடைப்பது இதழின் கடைசியில்தான். அதுவரை, ஜெர்சி சிட்டியில் பாகிஸ்தானியக் குடும்பத்தில் வளரும் பதினாறு வயதுப் பெண்ணாகவே அவளை நம்மோடு பழகவிடுகிறார் எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன். கடையில் பன்றி இறைச்சியின் வாசனையை மட்டும் முகர்ந்து ஏங்குகிறாள். அவெஞ்சர்ஸ் என்ற சாகச நாயகர் குழுவை வைத்துக் கதை எழுதுகிறாள். விருந்துக்குப் போக அப்பா சம்மதிக்காதபோது சன்னல் வழியே வெளியேறுகிறாள். தொழுகையே கதியென்று இருக்கும் அண்ணனை வேலை தேடச் சொல்லி அப்பா கடிந்துகொள்ளும் சாப்பாட்டு மேசைக் காட்சியில் அத்தனை உயிர் இருக்கிறது.

என்னை உலுக்கிய இடம் வேறு. தோழி நாகியா தலையில் முக்காடு அணிந்திருக்கிறாள். உன் அப்பா கட்டாயப்படுத்தினாரா என்று உடன் படிக்கும் ஸோயி பரிவு காட்டுவதுபோல் விசாரிக்கிறாள். அப்பா அதைக் கழற்றத்தான் சொல்கிறார் என்கிறாள் நாகியா. விளக்கவுரை எதுவும் இல்லை. கதை மேலே போய்விடுகிறது. இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஸோயி வெறும் அகம்பாவப் பொம்மையாக நின்றுவிடுவது குறைதான்.

அட்ரியன் அல்ஃபோனாவின் ஓவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னணியில் மூலைக்கு மூலை குறும்பு ஒளிந்திருக்கிறது.

பொன்னிறக் கூந்தல்கொண்ட வெள்ளையின நாயகி கேப்டன் மார்வெலைப் போல் ஆக வேண்டும் என்று கமலா வேண்டுகிறாள். அதே தோலும் கூந்தலுமாக மாறி எழுகிறாள். ஆசைப்பட்ட வரமே அவளுடைய முகத்தைப் பறித்துக்கொள்கிறது. அடுத்த இதழுக்காக வாசகரைத் தவிக்கவிட இதைவிட நல்ல முடிவு கிடையாது.

இப்படிப் பிறந்தவளை 2023 மே மாதம் ஸ்பைடர்மேன் தொடரின் 26ஆம் இதழில் கொன்றீர்கள். இரண்டே மாதங்களில் எக்ஸ்மென் கதையில் உயிர்ப்பித்தீர்கள். அவள் சாவு இன்னொருவர் கதையின் திருப்பத்துக்குத்தானா பயன்பட வேண்டும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சியில் பாகிஸ்தானிய வீட்டில் வளர்ந்த சனா அமனத் உங்கள் ஆசிரியர் மேசையில் இருந்ததால்தான் கமலா உருவானாள். அடுத்த நாயகியைத் தொடங்கும்போது அவளுடைய வீட்டை அறிந்த ஒருவரை அந்த மேசையில் அமர்த்துங்கள். சண்டைக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் பக்கங்கள் ஒதுக்குங்கள். கமலாவுக்கும் ஜெர்சி சிட்டியில் நடக்கும் தனித் தொடர் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்