அண்ணா சாலையைப் படமெடுக்க உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆயிரம் விளக்கு மசூதியிலிருந்து சிம்சன் அருகே உள்ள பெரியார் சிலை வரை, அண்ணா சாலையின் கட்டடங்களை மெட்ரோ சுரங்கப் பணி நடந்த காலத்திலிருந்து விடுமுறை நாள்களில் படமெடுத்து வந்தேன். அந்தப் படங்கள் இப்போது ஒழுங்கான தொகுப்பாகிவிட்டன. அலுவலக வேலைக்கு இடையே கேமரா பழகிய ஒருவனால் தனியாகச் செய்திருக்கக்கூடிய வேலை அல்ல இது. பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, மாடிக் கதவைத் திறந்துவிட்ட காவலாளிகளுக்கு. உயரமான முகப்பைத் தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் தூண்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்து தெரியும். எதிர்க்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கேமராவை மட்டமாக வைத்தால்தான் அவை நிமிர்ந்து நிற்கும். சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்வதால் ஒரு வரிசையின் முகப்பில் காலையிலும் எதிர்வரிசையில் மாலையிலும்தான் வெயில் விழுகிறது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் 1904-ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் போன்றவற்றின் நுணுக்கங்கள் தொகுப்பில் தெளிவாக இருக்கின்றன என்றால், இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தவர்களே காரணம்.

எல்ஐசி கட்டடத்தைப் பற்றி எனக்குக் கற்பித்தவர், ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர் ஒருவர். அதைக் கட்டத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்ததையும், 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதையும், 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டதையும் அவர் வரிசையாக எழுதிக் கொடுத்தார். 1975-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு முன் எடுத்த தம் குடும்பப் படத்தையும் நகலெடுக்கத் தந்தார். படத்தில் குடும்பம்தான் முக்கியம். கட்டடம் பின்னால் பாதிதான் தெரிகிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் மருந்து நிறுவனத்துக்காக எழுந்து, பின்னர் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று அறியப்பட்ட மாளிகையை 2006-இல் இடிக்கத் தொடங்கியதும், மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்று அதைத் தடுத்ததும் பலர் அறிந்தவை. தீர்ப்பை என்னுடன் அமர்ந்து வரி வரியாகப் படித்த வழக்கறிஞர் நண்பருக்கு நன்றி.

ஆனால் வழக்குவரை போன கட்டடங்களுக்குப் படம் எடுக்க எப்போதும் ஆள் உண்டு. எந்தப் பட்டியலிலும் சேராத, கீழே கடையும் மேலே பூட்டிய அறைகளுமாக நின்ற இரண்டு மாடி வீடுகள்தாம் சத்தமின்றிப் போய்விட்டன. அவற்றைப் பதிவு செய்ய உதவியவர்கள் பெயர்ப்பலகை மாற்றும் தொழிலாளர்கள். முகப்பை மூடியிருக்கும் ஏசிபி ஷீட் என்ற அலுமினியப் பலகையைக் கழற்றிய பின் புதியது ஏறும்வரை, உள்ளே மறைந்திருந்த வளைவும் சுண்ணாம்புப் பூச்சில் எழுப்பிய பழைய கடை எழுத்துகளும் ஓரிரு நாள் வெளியே தெரியும். "பலகையைப் பிரிக்கிறோம் சார், சீக்கிரம் வாங்க" என்று அவர்கள் தொலைபேசியில் அழைத்திராவிட்டால், தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதும் படங்கள் இல்லாமல் போயிருக்கும். இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கடையின் மேல்தளத்தைப் படத்தில் பார்த்தே, தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்த மெட்ராஸ் டெரஸ் அது என்று விளக்கிய முதிய கொத்தனாருக்கும் கடமைப்பட்டுள்ளேன். அந்த விளக்கத்தை அவர் சொற்களிலேயே படத்தின் கீழே சேர்த்திருக்கிறேன்.

கதவிலக்கங்களைச் சரிபார்த்துத் தந்தவர் ஒரு தபால்காரர். பழைய எண், புதிய எண் என்று சென்னையில் ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு அடையாளம் இருப்பதால், பழைய விளம்பரத்தில் உள்ள முகவரி இன்று எந்தக் கட்டடம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அவருக்கோ அது மனப்பாடம். நல்ல வெளிச்சத்தைவிடத் தேதியும் கதவிலக்கமும் ஒரு படத்துக்கு அதிக ஆயுள் தரும் என்பது என் எண்ணம். ஆகவே தொகுப்பின் பயனில் பெரும்பங்கு அவருடையது.

1913-இல் எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்து இன்று அஞ்சல்தலைப் பிரிவாக இயங்கும் கட்டடத்தைப் பொறுமையாகச் சுற்றிக் காட்டிய அஞ்சலக ஊழியர்களுக்கும், 2016-இல் மூடப்பட்ட சாந்தி திரையரங்கைப் பற்றிய நினைவுகளைப் பகிர்ந்த ரசிகர்களுக்கும், படச்சுருள்களைக் கட்டணமின்றி ஸ்கேன் செய்த ஸ்டூடியோக்காரருக்கும் என் நன்றி.

படம் எடுக்க இடம் தந்த கடைகளுக்கு அவரவர் கட்டடத்தின் அச்சுப் பிரதியை நேரில் கொண்டுவந்து தருகிறேன். 1983-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு முந்தைய ஸ்பென்சர் கட்டடத்தின் உட்புறமோ, சபையர் திரையரங்கின் முகப்போ உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் தெரிவியுங்கள். உங்கள் வீட்டிலேயே நகலெடுத்துக்கொண்டு, படத்தை அப்போதே திருப்பித் தந்துவிடுவேன்.

நன்றியுடன்,
அண்ணா சாலைப் படத்தொகுப்பாளன்
சென்னை