தைப்பனி தரையைத் துளைக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் கேட்டான்: "தாத்தா, பனி எப்படித் தரையைத் துளைக்கும்?" பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று அப்பாயி சொல்வதை நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று தெரிந்தபோது மனது நிறைந்துவிட்டது. ஆனால் அவனுக்குப் பனி என்றால் டொராண்டோவில் வாசலை மூடிக் கிடப்பது, மண்வெட்டியால் வாரித் தள்ளுவது. நம் பனி புல் நுனியில் சொட்டாக நிற்கிற தண்ணீர். ஒரே சொல்லாக இருந்தாலும் இரண்டும் வேறு என்பதை முதலில் அவனுக்குச் சொல்.

கார்த்திகை முடிய வானத்தை மேகம் மூடியிருக்கும். மண்ணின் சூடு ராத்திரியில் அவ்வளவாக வெளியேறாது. தையில் வானம் வெளுத்துவிடும். சூடெல்லாம் மேலே போய், விடியற்காலையில் மண்ணும் இலையும் குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படியும். அது மெதுவாகத் தரைக்குள் இறங்குவதைத்தான் துளைக்கும் என்றார்கள். மாசியில் மாடி வைத்துக் கட்டிய மச்சு வீட்டுக்குள்ளேயே குளிர் வந்துவிடும். 'தையும் மாசியும் வையகத்து உறங்கு' என்று ஔவையார் சொன்னதும் அதற்காகத்தான். வை என்றால் வைக்கோல். வைக்கோல் வேய்ந்த வீட்டில் படு என்கிறார். நம் பழைய கூரை வீட்டுக் கதகதப்பு உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் நம்மைப் போர்வைக்குள் விரட்டுகிற அந்தப் பனிதான் உளுந்துக்குச் சோறு. இதை அவனுக்கு விவரமாகச் சொல். சம்பா அறுப்புக்கு ஏழு, எட்டு நாள் இருக்கும்போது, நெல் நின்றுகொண்டிருக்கும் வயலிலேயே ஏக்கருக்கு 10 கிலோ உளுந்தைத் தெளித்துவிடுவோம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் புதையவும் கூடாது, காய்ந்து வெடித்திருக்கவும் கூடாது. அப்பாயி விடியலில் என்னை எழுப்பி வயலுக்கு அனுப்பி, ஒரு பிடி மண் எடுத்துவரச் சொல்லி உருட்டிப் பார்ப்பாள். அதற்கப்புறம் உழவும் இல்லை, பாசனமும் இல்லை. வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் ராத்திரிப் பனியிலும் வளர்ந்து பங்குனியில் பறிப்புக்கு வந்துவிடும். பனிப்பயறு என்று பேர் வைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது தெளிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அறுப்பு இயந்திரம் இறங்கினால் முளைத்து நிற்கிற உளுந்து சக்கரத்தில் நசுங்கிப்போகும். ஆள் கிடைக்காத ஊரில் இயந்திரத்தைக் குறை சொல்லவும் முடியாது. இந்த வருஷம் மூன்று மா நிலத்தை மட்டும் கையால் அறுக்கப் பேசி வைத்திருக்கிறேன். கூலி கூடுதல்தான். இருந்தாலும் அந்த உளுந்தை விட மனமில்லை.

எல்லாச் சொல்லையும் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்பதை நம்பி, 2021 ஜனவரியில் அறுப்பைப் பொங்கலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விடாமல் பெய்த மழையில் கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தே முளைத்துவிட்டது. டெல்டா முழுக்க அந்த வருஷம் அந்தக் கதிதான். உன்னிடம் அப்போது முழுதாகச் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று. இப்போதெல்லாம் பழமொழியையும் பார்க்கிறேன், வானிலை அறிக்கையையும் பார்க்கிறேன்.

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதற்குக் கல்யாணம், காசு என்று ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வழி வரப்புதான். மார்கழி வரை பயிர் வளர்ந்து சாய்ந்து வரப்பை மூடிக் கிடக்கும், கீழே சேறு. அறுத்துவிட்டால் எந்தத் திசையிலும் குறுக்கே நடக்கலாம். நீ பள்ளிக்கூடம் போகும்போது தை வந்ததும் ரோட்டைச் சுற்றாமல் அறுத்த வயலின் தாளடியில் இறங்கி ஓடுவாயே, பாவாடைக் கரையெல்லாம் பனியில் நனைந்து. நீ பஸ் ஏறுகிற வரைக்கும் நான் வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரியாது.

பங்குனிக்கு அப்புறம் அங்கிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்களா என்று விசாரித்து வை. இரண்டு கிலோ கொடுத்து அனுப்புகிறேன். முழு உளுந்தாக வேண்டுமா, உடைத்து அனுப்பவா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா