கிழங்கு அனுப்ப மாட்டேன்

மூலனூர்,
ஐப்பசி 18

அன்புள்ள தனம்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் வீட்டுக்கார அண்ணனுக்குக் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிறார் என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அடுத்த வரியைப் படித்ததும் கஷ்டம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. கௌட் மூட்டுவலிக்கு டாக்டர் எழுதின மாத்திரை எங்கள் ஊர்க் கண்வலிக்கிழங்குச் செடி, அதான் செங்காந்தள், அதில் இருந்துதான் வருகிறதாம், உன் நாத்தனார் போனில் பார்த்துச் சொன்னாளாம், என் தோட்டத்தில்தான் நிறையக் கிடக்கிறதே, நாலு கிழங்கு அனுப்பினால் கஷாயம் வைத்துக் கொடுப்பாயாம்.

அனுப்ப மாட்டேன், தனம். கோபித்துக்கொள்ளாதே. மாத்திரை இந்தச் செடியில் இருந்து வருகிறது என்று நாத்தனார் சொன்னது சரி. அதை வைத்துக்கொண்டு நீ அடுப்பைப் பற்றவைக்கப் பார்க்கிறாயே, அதுதான் சரியில்லை.

எங்கள் அம்மாயியை உனக்கு ஞாபகம் இருக்குமே. வேலியோரத்தில் இந்தக் கிழங்கைத் தோண்டி வருவாள். ரெண்டு கை விரித்துக் கலப்பை மாதிரி இருக்கும், அதனால் கலப்பைக்கிழங்கு என்றும் ஒரு பேர். பிரசவ வலி இழுத்துக்கொண்டே போனால் இதை அரைத்து உள்ளங்காலிலும் தொப்புளைச் சுற்றியும் பூசுவாள். குழந்தை வெளியே வந்த நிமிஷமே வெந்நீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும், அதில் அவ்வளவு கண்டிப்பு. மூட்டு வீக்கத்துக்கும் மேல்பூச்சுதான், வாய்ப்பக்கம் கொண்டுபோக விட்டதேயில்லை. சித்த வைத்தியர்கள் உள்ளுக்குக் கொடுக்கிற மருந்தில் சேர்ப்பதென்றாலும், நறுக்கி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அதையே நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து சுத்தி பண்ணிய பிறகுதான்.

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் வளவில் ஒரு அக்கா சக்கரவள்ளி என்று நினைத்து இதை அவித்துத் தின்றுவிட்டாள். ராத்திரி பூரா வாந்தியும் பேதியும். மறுநாள் கொஞ்சம் தெளிந்து கஞ்சி குடித்தாள், எல்லாரும் நிம்மதியானார்கள். மூன்றாம் நாள் மறுபடி விழுந்தவளைத் தாராபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எப்படியோ பிழைத்து வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து மடியில் விழுந்த முடியை அவள் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முனி அடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள்.

முனி இல்லை என்று எனக்குப் புரிந்தது பி.எஸ்சி. ரெண்டாம் வருஷத்தில். செல் பிரிவதைப் பார்க்க வெங்காய வேர்நுனியை ஒரு கரைசலில் ஊறவைக்கச் சொன்னார்கள். கோல்சிசின் என்று எழுதிய சின்னப் பாட்டில், வெளிநாட்டுச் சரக்கு, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் திட்டு விழும். எங்கள் கிளுவை வேலியில் ஆடுகூடத் தொடாமல் பூத்துக் கிடக்கிற கொடியில் இருக்கிற அதே சரக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது!

அண்ணன் சென்னிமலைக்காரர், தறியை வைத்துச் சொன்னால் அவருக்கு உடனே புரியும். ஒரு செல் ரெண்டாகும்போது உள்ளே ரெண்டு முனையில் இருந்தும் பாவு நூல் மாதிரி இழைகள் நீளும், குரோமோசோம்களைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அந்த இழை டியூபுலின் என்ற புரதத்தைக் கோத்துக் கோத்து நீள்வது. கோல்சிசின் போய் டியூபுலினைப் பிடித்துக்கொண்டால் இழை நீளாது, தறி நின்றுவிடும். சீக்கிரம் சீக்கிரமாகப் பிரிகிற செல்தான் முதலில் அடி வாங்கும். குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். அந்த அக்காவுக்கு முதலில் வயிறு போனதும், மூன்றாம் நாள் விழுந்ததும், கடைசியில் முடி கொட்டியதும் இந்த வரிசைதான்.

அதே பிடிதான் அண்ணனுக்கு மருந்தாகவும் ஆகிறது. மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்ததும், வெல்லத்துக்கு எறும்பு வருகிற மாதிரி வெள்ளையணுக்கள் சாரை சாரையாக வருகின்றன. வீக்கமும் எரிச்சலும் அவை போடுகிற சண்டையால் வருவது. அவை நகர்வதற்கும் அந்த இழைகள் வேண்டும். கொஞ்சூண்டு கோல்சிசின் போனால் எறும்பு வழியிலேயே நின்றுவிடும். ஆனால் யூரிக் அமிலத்தை அது குறைக்காது. அதைக் குறைக்க வேறு மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேட்டுக்கொள்.

இதை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பிரான்சின் பெல்லெட்டியேயும் கவான்டூவும், 1820-இல். அதே வருஷம் சிங்கோனாப் பட்டையில் இருந்து குவினைனையும் எடுத்த ஜோடி. அவர்கள் எடுத்தது ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கிற ஒரு கிழங்குச் செடியில் இருந்து. நம் செங்காந்தளும் அதே குடும்பம், ஒரு வகையில் பங்காளி. கிழங்கைவிட விதையில் சரக்கு அதிகம், அதனால் கம்பெனிக்காரர்கள் விதையைத்தான் வாங்குகிறார்கள்.

எடுத்தது அப்போதென்றாலும், எவ்வளவு கொடுப்பது என்பதில் நேற்றுவரைக்கும் தகராறு. வலி நிற்கும்வரை கொடு, இல்லாவிட்டால் பேதி ஆகும்வரை கொடு, இதுதான் ரொம்ப நாள் வழக்கம். 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு கூட்டத்துக்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம், இன்னொரு கூட்டத்துக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மட்டும். வலி குறைந்ததில் ரெண்டும் ஒன்றுதான். பேதி மட்டும் முதல் கூட்டத்தில் 100-க்கு 77 பேருக்கு, ரெண்டாவதில் 23 பேருக்கு. இத்தனை காலம் எத்தனை பேரை வீணாகக் கொல்லைக்கு ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

மாத்திரையில் இருக்கிறது அரை மில்லிகிராம். ஒரு நெல்மணியை நாற்பது ஐம்பது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டின் எடை. என் தோட்டத்திலேயே ஒரு கிழங்கு மாதிரி இன்னொன்று இருக்காது. மண்ணுக்கு மண், வயசுக்கு வயசு சரக்கு மாறும். நீ எந்தக் கரண்டியால் அளப்பாய், சொல்லு. மிஞ்சிப் போனால் முறிக்க மருந்தும் கிடையாது. அண்ணனுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, கிட்னி எப்படி என்று ரத்தம் பார்க்கச் சொல். கிட்னி சரியில்லாவிட்டால் மாத்திரையே உடம்பில் தேங்கும். கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தாலும் ஆபத்து, அதனால் வேறு யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் இந்த மாத்திரைச் சீட்டையும் காட்டு.

அப்புறம், நாத்தனாருக்கு வந்த இன்னொரு செய்தி, செங்காந்தள் மாரடைப்பைத் தடுக்கும் என்பது. முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. ரத்தக்குழாய் அடைப்பிலும் வீக்கம் ஒரு காரணம் என்பதால் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல், மாரடைப்பு வந்து ஒரு மாசத்துக்குள் இருந்த 4,745 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. 2020-இல், நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரில் மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை 31 சதவீதம் குறைந்தன. அதை வைத்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 2024-இல், மாரடைப்பு வந்த 7,000 பேருக்கு மேல் பார்த்ததில் ஒரு பலனும் தெரியவில்லை. கொரோனா நேரத்திலும் 11,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பலிக்கவில்லை என்பதையும் பத்திரிகையில் போட்டுச் சொல்கிறார்களே, எனக்குப் பிடித்தது அதுதான். பார்வர்டு செய்கிறவர்கள் 2020-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்த வருஷம் ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கிறோம், ஆடியில் நட்டது. கிழங்கின் முனையில்தான் முளை இருக்கும், அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். அதனால் ஆளை நம்பாமல் நானே கூடையில் அடுக்கினேன். இப்போது பூ. இதழெல்லாம் பின்னால் மடிந்து, அடியில் மஞ்சள், மேலே சிவப்பு. பத்து மணி வெயிலில் பார்த்தால் பந்தலே பற்றி எரிகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பூவுக்கு ஒரு குசும்பு. மகரந்தத்துக்கு முகம் கொடுக்காமல் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். விட்டுவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. பனி காய்ந்ததும் எட்டு மணியில் இருந்து பதினொன்று வரைக்கும், ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி, அடுத்த பூவின் தண்டு நுனியில் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். நாலு பொம்பளையாளும் நானும் வரிசை பிடித்துப் போகிறோம். மதியம் கையெல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரையும் சோற்றுப் போசியைத் திறக்க விடுவதில்லை. காயப்போட்ட விதைப் பக்கம் பேரனையும் விடுவதில்லை.

விலையைப் பற்றிக் கேட்காதே. போன தையில் ஒரு வியாபாரி நல்ல விலை பேசிவிட்டு, விதையை மூட்டை பிடித்த பிறகு பாதிதான் தருவேன் என்றார். முருங்கை என்றால் வேறு மண்டிக்குக் கொண்டுபோவேன். இதை வாங்க நாலு பேர்தான், நாலு பேருக்கும் ஒரே வாய். மூட்டையை வீட்டிலேயே ஒரு மாசம் வைத்திருந்து கடைசியில் அவருக்கே கொடுத்தேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. சின்னவன் காட்டினான், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செய்த வேலை, 2020-இல் வந்தது. செங்காந்தள் எப்படி இந்தச் சரக்கைத் தயார் பண்ணுகிறது என்று தேடி, அதற்கான எட்டு மரபணுக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மொத்தம் பதினாறு நொதிகளை ஒரு புகையிலை இனச் செடிக்குள் ஓடவைத்து, கோல்சிசினுக்கு முந்தின படி வரைக்கும் அந்த இலையிலேயே செய்துவிட்டார்கள். வாத்தியாராக இருந்தவளுக்கு அதைப் படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம். படித்து முடித்ததும் ஜெர்மனிக்காரன் 1897-இல் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், அந்தச் சாயத்துக்காக அவுரி போட்டவர்கள் கதி என்ன ஆனது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. ராத்திரி இவரிடம் சொன்னேன். "அதுவரைக்கும் நமக்குக் கிணத்துல தண்ணி இருக்குதான்னு பாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிழங்குக்குப் பதிலாக முருங்கைக்காய் ரெண்டு கட்டு வெள்ளிக்கிழமைக் காலை ஈரோடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கோபியில் இருந்து யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள். சாக்கில் உன் பேர் எழுதியிருக்கும். அண்ணன் கால் வீக்கம் வடிந்ததும் ஒரு போன் போடு.

உன்,
பூங்கொடி